ரெட்டப்பாலத்துப் பிடிமண்

யுகேந்திரனுக்கு ஊர்களைக் கடத்திக்கொண்டு வருவதுதான் வேலை. சம்பளத்துக்குச் செய்கிற வேலையைச் சொல்லவில்லை. அது ஈப்போவில் ஒரு பேனர் கடையில், கல்யாண ஜோடிகளையும் கட்சிக்காரர்களையும் ஆளுயரத்துக்கு அச்சடித்துக் கொடுப்பது. ஊர் கடத்துவது ஞாயிற்றுக்கிழமைகளில். அதே நகரத்துப் புந்தோங்கில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்திருந்தான். மதியம் அங்கே கூட்டாளிகளோடு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டான்.

பாத்திரமேற்று ஆடுகிற விளையாட்டு அது. நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு பலகை, அதன்மேல் ஓர் உலகம், ஆளுக்கு ஒரு பாத்திரம், கை நிறையப் பகடை. கதையை நடத்துகிறவன் யுகேந்திரன். விதிகளை எழுதுகிறவன் மதீசன். மதீசன் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறவன். யாழ்ப்பாணத்து வம்சம், தாத்தா காலத்திலிருந்தே ரயில்வே உத்தியோகம். எதற்கும் ஒரு சட்டம் எழுதிவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவான்.

விளையாட்டுக்கு ‘கரை ஒதுங்கிய ஊர்கள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரு பழுப்பு ஆறு. பூமியில் எந்த ஊர் தன் இடத்தைவிட்டுப் பெயர்ந்தாலும் அந்த ஆற்றங்கரையில் வந்து ஒதுங்கும், தன் காலத்தையும் தன் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு. கடல் கொண்ட காவிரிப்பூம்பட்டினம் அங்கே இருந்தது. அதற்கு அடுத்த வீடு தனுஷ்கோடி. புயலில் போன ரயில் இன்னும் வந்து சேராததால் அதன் ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக்கொடியோடு நின்றுகொண்டே இருந்தார். ஈயம் தோண்டித் தோண்டிக் கடைத்தெருவே குட்டைக்குள் சரிந்துபோன ஒரு பேராக் மாநிலத்து ஊர் இருந்தது. ராணுவம் வேலி போட்டுக்கொண்ட மதீசனின் தாத்தா ஊரும் இருந்தது. அங்கே எல்லோர் இடுப்பிலும் வீட்டுச் சாவி தொங்கும். பூம்பட்டினத்துச் சுங்கக்காரன் தனுஷ்கோடி டிக்கெட் பரிசோதகரிடம் வரி கேட்டுச் சண்டை முற்றும்போது, கீழே கடைக்காரன் ஸ்பானரால் கூரையைத் தட்டுவான்.

எந்த ஊரும் சும்மா வந்து ஒதுங்கிவிட முடியாது. அதற்குப் பிடிமண் எடுத்திருக்க வேண்டும். இது யுகேந்திரனின் விதி. இந்த விதியில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும்போது சாமியின் காலடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொள்வார்கள். போகிற இடத்தில் அதை வைத்து விளக்கேற்றினால் சாமி அங்கே வந்து உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். கப்பலேறிய நம் ஆட்களில் பாதிப்பேர் சாமியை அப்படித்தான் இந்த நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். யுகேந்திரன் இதை வெறும் எழுத்தாக விடவில்லை. ராமேஸ்வரம் போகிறவர்களிடம் சொல்லித் தனுஷ்கோடி மணலை வரவழைத்தான். மதீசனின் சித்தப்பா யாழ்ப்பாணத்திலிருந்து செம்மண் கொண்டுவந்தார். வந்த மண்ணையெல்லாம் பசை ஊற்றிப் பிசைந்து, பலகையின் நடுவில் ஆற்றங்கரையாகப் பூசிவிடுவான். கரை என்றால் ஒரே கரையாகத்தானே இருக்கவேண்டும் என்பான்.

இப்படி உலகத்து ஊர்களையெல்லாம் கொண்டுவந்தவனுக்குச் சொந்த ஊர்மேல் கண் விழாமல் இருக்குமா?

அவன் பிறந்தது ரெட்டப்பாலம் தோட்டம். பீடோரிலிருந்து உள்ளே போகவேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போய் இப்போது ஒரு வீடமைப்புக் கம்பெனியின் கைக்கு வந்திருந்தது. ஒரு காலத்தில் கலகலவென்றிருந்த லயத்தில் ஏழு வீடுகள்தான் மிச்சம். அந்த ஏழையும் சிதறாமல் பிடித்து வைத்திருந்தவள் யுகேந்திரனின் அக்கா சரளா. கட்டியவன் சிங்கப்பூர் போனவன் போனவன்தான். அவள் பீடோரில் கொய்யாத் தோட்டத்துக்குப் போய்ப் பிஞ்சுகளுக்குப் பை கட்டிவிட்டு வந்து, மாலையில் கம்பெனிக்காரனோடு மல்லுக்கு நிற்பாள். இதே மண்ணில் எங்களுக்கும் வீடு கட்டிக் கொடு, கோயிலைத் தொடாதே: இதுதான் அவள் கேட்டது. வழக்கும் போட்டிருந்தாள். வக்கீல் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். ஏழு வீடும் நிற்கிறவரை வழக்கும் நிற்கும். நீங்களாகவே காலி செய்துகொண்டு போனால் நான் எதை வைத்துப் பேசுவது?

போகலாமா என்று யாராவது முனகினால் சரளா லயத்து முனையில் இருக்கும் முனியாண்டி கோயிலைக் கைகாட்டுவாள். கோயில் என்றால் ஒரு தூங்குமூஞ்சி மரம், ஒரு சூலம், தகரக்கூரை. “ஐயா எந்திரிச்சா நாமளும் எந்திரிப்போம். அவரு ஒக்காந்திருக்காரில்ல, நீயும் ஒக்காரு” என்பாள். முனகியவர் அடங்கிப்போவார். ஏழு வீட்டையும் கட்டியிருந்த கயிறு அந்த ஒரு வார்த்தைதான்.

யுகேந்திரனுக்கு அந்த வார்த்தை தெரியும். ரொம்பப் பிடித்துப்போய்த் தன் விளையாட்டில்கூட எழுதி வைத்திருந்தான்.

“உங்க தோட்டத்துல இன்னும் ஆள் இருக்காங்களே, மச்சான்” என்றான் மதீசன். “நம்ம விதிப்படி அது பேந்துபோன ஊரு இல்ல. எப்படிச் சேத்துக்கறது?”

“இன்னும் எவ்வளவு நாளைக்கு? கேசுலாம் நிக்காது லா. அடுத்த வருசம் போனா அங்க கொம்பெனி கட்டுற தாமான் வீடுதான் இருக்கும்” என்றான் யுகேந்திரன்.

“அக்காகிட்ட கேட்டியா?”

“கேட்டா வைவா.”

இதில்தான் அவன் குற்றமே இருக்கிறது. பிறகு நடந்ததெல்லாம் தெரியாமல் செய்தது என்று மன்னிக்கலாம். ஆனால் அக்கா உயிரைக் கொடுத்துக் காத்துக்கொண்டிருந்த இடத்தை அவன் மனசுக்குள் எப்போதோ குழிதோண்டிப் புதைத்துவிட்டான். புதைத்த இடத்தில் நல்லதாக ஒரு நினைவுச்சின்னம் வைக்கவேண்டும் என்பதுதான் அவன் கவலையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். சரளா கொய்யாத் தோட்டத்தில் இருந்தாள். லயத்தில் ஓர் ஆள் கண்ணில் படவில்லை. போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்து வீடியோவைத் தட்டிவிட்டான். செருப்பைக் கழற்றினான், குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டான், மரத்தை மூன்று சுற்று வந்தான், எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்தான். ஒன்றைக்கூட விடவில்லை. அவன் அப்பா மாயாண்டி அந்தக் கோயிலுக்குப் பூசாரியாக இருந்து செத்தவர். தோட்டத்தின் மேல் டிவிஷனை மூடியபோது அங்கிருந்த சின்னக் கோயிலில் அவர் பிடிமண் எடுத்ததை இவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். பூசாரி வீட்டு ஆண்பிள்ளை கை வைத்தால்தான் செல்லும் என்று அப்போது சொன்னதும் ஞாபகம் இருந்தது. இவன் அந்த வீட்டு ஒரே ஆண்பிள்ளை.

மண்ணை அள்ளும்போது அப்பா சொன்னதையே சொன்னான். சொன்னால் வீடியோ நன்றாக வரும் என்று தோன்றியது.

“ஐயா முனியாண்டி, பிள்ளைங்க கெளம்புறோம். நீ முன்னால நட. நாங்க பின்னால வாரோம்.”

மதியம் சரளா வந்து சோறு போட்டாள். சம்பல் வைத்துப் பொரித்த கெம்போங் மீன், தம்பிக்குப் பிடிக்கும் என்று கடுகுக்கீரை. “என்னடா, ஐயாவைக் கும்பிட்டியா?” என்று கேட்டாள்.

“கும்பிட்டேங்க்கா” என்றான். மஞ்சள் முடிச்சு வெளியே மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இருந்தது.

மறுநாள் புந்தோங்கில் நடந்த ஆட்டம்போல் அதற்குமுன் ஒன்று நடந்ததில்லை. கூட்டாளிகள் சேர்வதற்கு முன்பே யுகேந்திரன் ரெட்டப்பாலத்து மண்ணைப் பிசைந்து, தனுஷ்கோடிக்கும் ஈயக்குட்டை ஊருக்கும் நடுவில் பூசி, அதன் ஓரத்தில் சின்னஞ்சிறு லயத்துக் கூரைகளையும் வைத்துவிட்டான். பலகையின்மேல் ஓர் அகல் ஏற்றினான். தோட்டம் ஆற்றில் மிதந்து வருகிறது, லயத்துக் கூரைகள் தெரிகின்றன, முன்னால் ஐயாவின் சுருட்டுப் புகை தெரிகிறது என்று அவன் சொல்லச் சொல்ல, எதற்கும் லேசில் மசியாத தக்ஷாயினி, ஆட்டத்தில் அவள்தான் ஸ்டேஷன் மாஸ்டர், கொடியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டாள். தோட்டத்தின் கடைசி ஆளாக ஒரு பெண்ணைச் செதுக்கி வைத்திருந்தான். சுண்டுவிரல் உயரம், சிவப்புச் சேலை. பெயர் ‘கதவைச் சாத்தியவள்’. எல்லோரும் கரையேறிய பிறகு அவள் கடைசியாக வருவாள் என்று அவளுக்கு விதி எழுதியிருந்தான். அவளை ஆற்று விளிம்பில் நிறுத்தி வைத்தான்.

அன்று மாலையே, ‘ரெட்டப்பாலம் வந்துவிட்டது’ என்று எழுதி, கோயிலடியில் எடுத்ததையும் அகல் எரிவதையும் ஒட்டவைத்து வலையில் ஏற்றினான். பாராட்டுகள் வந்து குவிந்தன. கெடாவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் எங்கள் தோட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஆட்கள் கெஞ்சினார்கள். அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் எங்கே இதையெல்லாம் பார்க்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

விளையாட்டு வினையாகும் என்று சும்மாவா சொன்னார்கள்?

இரண்டு வாரம் கழித்து, ஆட்டம் நடக்காத ஒரு ஞாயிறு, பலகைக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள் அவனும் மதீசனும். கீழே லோரி ஒன்று வந்து நின்றது. படியேறி வந்தவர் ஜெயபாலன், ரெட்டப்பாலத்துக்காரர், யுகேந்திரன் வீட்டுக்கு எதிர்வீடு. கையில் ஒரு மாலையும் படையலுக்கு ஸ்டவுட் பீர் போத்தலும் சுருட்டுக் கட்டும் இருந்தன. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

“யுகேனு, ஐயாவ எங்கப்பா ஒக்கார வச்சிருக்க?”

“எந்த ஐயா, மாமா?”

“என்னா கேக்குற? நம்ம ஐயாதான். எங்க வீட்டுக்காரி நவமணி போன்ல பாத்துட்டு ஒரே அழுக. ஐயா கெளம்பிட்டாருங்க, புந்தோங்குல வெளக்கு எரியுது, நாம மட்டும் இங்க என்னா பண்றோம்னு பிடிச்சிக்கிட்டா. காவல் இல்லாத எடத்துல வயசுப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு எப்புடிப் படுக்கறது? கொம்பெனிக்காரன்கிட்ட சொன்னேன், அவனே லோரி குடுத்துட்டான். இங்கதான் பின்னால, ஃப்ளாட் எடுத்திருக்கோம். ஐயா பக்கத்துலயே இருக்கணும்ல.”

யுகேந்திரன் தூரிகையைக் கீழே வைத்தான். “மத்தவங்க?”

“மூணு வீடு வந்தாச்சி. மிச்சம் மூணும் வர்ற வாரம் வாராங்க. எல்லாம் இங்கதான்.” ஜெயபாலன் குரலைத் தாழ்த்தினார். “சரளா மட்டும் அசையல. வாசல்ல நின்னு லோரிய பாத்துக்கிட்டிருந்தா. வக்கீலு போன் பண்ணி, கேசு இனிமே அவ்வளவுதான்மான்னு சொல்லிட்டாராம்.”

“மாமா, அது வெளையாட்டு” என்றான் யுகேந்திரன். “இங்க பாருங்க, பலகை, பகடை. கேமுக்காக எடுத்த மண்ணு அது. நான் சாமிய எடுக்கல.”

ஜெயபாலன் பலகையைப் பார்த்தார். லயத்துக் கூரைகளைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் முகம் மலர்ந்தது. ‘ஐயா, முன்னால நட’ என்று சாமியிடம் போய் யாராவது விளையாட்டுக்குச் சொல்வார்களா என்பதுபோல் இவனைப் பார்த்துச் சிரித்தார். “மாயாண்டி மவன் அப்புடிச் செய்வானா? எனக்குத் தெரியாதா ஒன்ன?” என்று சொல்லிவிட்டு, பழுப்பு ஆற்றின் கரையில் மாலையை வைத்து விழுந்து கும்பிட்டார்.

அவர் திட்டியிருந்தால்கூட யுகேந்திரன் தாங்கியிருப்பான். நம்பியதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் போனதும் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். “நவமணி அக்காவுக்குப் போன் போடு, மச்சான். உள்ளதைச் சொல்லு. இன்னும் மூணு வீடு இருக்குல்ல” என்றான் மதீசன்.

போட்டான். உள்ளதைச் சொன்னான். மறுமுனையில் நவமணி பொறுமையாகக் கேட்டாள். தோட்டத்துப் பெண்களில் அவள் சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு; அவள் மனம் மாறினால் மிச்சம் மூன்று வீடும் கிளம்பாது.

“வெளையாட்டுக்கோ எதுக்கோ, நீ கூப்புட்ட, அவரு வந்துட்டாரு” என்றாள் நவமணி. “கூப்புட வேண்டிய கை கூப்புட்டுருக்கு. ஒங்கப்பா சொன்ன அதே வார்த்த. வெளக்கும் ஏத்திட்ட. இப்ப போயி இல்லன்னா எப்புடிப்பா? சில ஊருல ரெண்டு எடத்துலயும் சாமி இருக்கும்பாங்க. நம்ம ஐயா காவக்காரரு லா. காவக்காரரு ரெண்டு எடத்துல நிப்பாரா?”

யுகேந்திரன் உளியை எடுத்தான். எடுத்த மண்ணை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டால் தீர்ந்தது என்று தோன்றியது. தனுஷ்கோடிக்கும் ஈயக்குட்டைக்கும் நடுவில் இருந்த கரையைப் பெயர்த்தான். பசை கல்லாக இறுகியிருந்தது. பெயர்த்தது கட்டி கட்டியாக வந்தது. எது எந்த ஊர் மண் என்று அவனுக்கே தெரியவில்லை. வந்தவரை ஒரு மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

பீடோர் வரும்வரை என்ன சொல்வது என்று யோசித்தான். லயத்தில் நுழைந்ததும் யோசனையே நின்றுபோனது. போன வீடுகளின் கூரைத்தகரத்தையும் ஜன்னலையும் கம்பெனி ஆட்கள் அன்றைக்கே கழற்றிவிட்டிருந்தார்கள். ஜெயபாலன் வீட்டு அடுப்படியில் வெயில் விழுந்து கிடந்தது. எதிரே சரளா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள், தன் வாசலை மட்டுமல்ல, காலி வீடுகளின் வாசலையும் சேர்த்து.

“வா” என்றாள். “சாப்பிட்டியா?”

அவன் முடிச்சை நீட்டினான். “கொண்டாந்துட்டேங்க்கா. எடுத்த எடத்துலயே வச்சிடறேன். எல்லாருக்கும் சொல்லிடறேன், ஐயா திரும்பிட்டாருன்னு.”

சரளா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். முடிச்சை வாங்கி அவிழ்த்தாள். விரலால் கட்டிகளைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு கட்டியில் வெள்ளையாக ஏதோ மின்னியது. நகத்தால் கிள்ளி எடுத்தாள்.

“இது என்னாடா?”

“கிளிஞ்சல்” என்றான்.

“நம்ம தோட்டத்துல ஏதுடா கிளிஞ்சலு?”

“தனுஷ்கோடி. கடல்ல போன ஊரு. எல்லா மண்ணையும் ஒண்ணா பிசைஞ்சிட்டேங்க்கா.”

அவள் அந்தக் கிளிஞ்சலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு பத்திரமாகத் துணிக்குள் வைத்து மறுபடி முடிந்தாள். “பாவம், அவங்களும் ஊர விட்டவங்கதான். ஆனா இது நம்ம ஐயா இல்ல. இத வச்சா யாரு வந்து ஒக்காருவா, சொல்லு?”

“அக்கா, நான் தெரியாம...”

“ஒனக்குத் தெரியும்.” அவள் குரல் உயரவே இல்லை. “ஐயா எந்திரிச்சா நாம எந்திரிப்போம்னு நான் சொல்றது ஒனக்குத் தெரியும். அத வச்சித்தான் இவ்வளவு பேரும் இருந்தாங்கன்னும் தெரியும். எப்படியும் போகப்போறதுன்னு நெனச்சிட்ட. அத எங்கிட்ட சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். சண்ட போட்டா அடுத்த நாளு பேசிக்கலாம்.”

யுகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான்.

“மொத நாளே பாத்துட்டேன் அந்த வீடியோவ” என்றாள் சரளா. “கண்ண மூடிக்கிட்டு கேட்டேன். அப்பா கொரலு மாதிரியே இருந்துச்சு. எனக்கே ஒடம்பு சிலுத்துப்போச்சி. எனக்கே அப்புடின்னா அவங்கள எப்புடிக் கொறை சொல்றது?”

அவன் அழுதான். அவள் தேற்றவில்லை, உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். கம்பெனி இனி எப்போது வேண்டுமானாலும் வரும், தனி ஒரு வீட்டுக்கு எந்த வக்கீலும் வாதாட மாட்டார், என்னோடு வந்துவிடு என்று அவன் கெஞ்சியதற்கு, காலையில் கொய்யாவுக்குப் பை கட்டப் போகவேண்டும் என்று மட்டும் பதில் சொன்னாள். முடிச்சை அவன் பெட்டியிலேயே வைத்து அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு வந்தவர்களுக்கு உட்கார இடம் இல்லை. ரெட்டப்பாலத்தின் ஆறு வீட்டாரும் வந்திருந்தார்கள். தேங்காய், பழம், சுருட்டு, ஸ்டவுட், ஒரு கட்டு ஊதுபத்தி. குழந்தைகள் பலகையைச் சுற்றி நின்று அவரவர் கூரையைக் காட்டிக்கொண்டார்கள். தக்ஷாயினி பகடையைக் கைப்பைக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். மதீசன் விதிப் புத்தகத்தை மூடிவிட்டான். நவமணி, உளி பெயர்த்த பள்ளத்தைப் பார்த்துவிட்டு, யார் செய்த வேலை என்று கேட்கவில்லை. ஒரு வாழையிலைத் துண்டைப் பள்ளத்தின்மேல் பரப்பிச் சூடத்தட்டை வைத்தாள்.

“ஆரம்பிப்பா” என்றார் ஜெயபாலன். “ஒங்கப்பாவுக்கு அப்பறம் நீதான.”

யுகேந்திரனால் மறுக்க முடியவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் இவர்கள் வீட்டை விட்டதும் வீணாகும், விட்ட இடத்துக்குத் திரும்பவும் வழியில்லை. இவர்களுக்கு இனி இருப்பது இந்தப் பலகைதான். அதுவும் பொய் என்று அவன் வாயால் எப்படிச் சொல்வான்? சட்டையைக் கழற்றினான். துண்டை இடுப்பில் கட்டினான்.

“சரளா எப்ப வாரா?” என்று நவமணி கேட்டாள். “அவளும் வந்துட்டா நெறஞ்சிடும்லா. போன் போட்டுப் பாரு.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் போட்டான். நான்கு மணி வெயில் ஜன்னலில் அடித்தது. வெகுநேரம் மணி அடித்த பிறகு சரளா எடுத்தாள்.

“என்னாடா, வெளக்கேத்திக்கிட்டிருக்கேன். அப்பறமா கூப்புடு.”

“வெளக்கா? எங்கக்கா?”

“எங்கன்னா? கோயில்ல.”

“அங்கதான் இப்ப...” சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் குரலை அடக்கிக்கொண்டான். “யாருக்குக்கா ஏத்துற?”

அங்கே மரத்தடிக் காற்று வீசுவது கேட்டது. சரளா தீக்குச்சியைக் கிழிப்பது கேட்டது.

“நீ சாமியத்தானடா எடுத்துட்டுப் போன” என்றாள். “எடம் இங்கதான இருக்கு.”

போனை வைத்துவிட்டாள். நவமணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னா சொன்னா? வாராளா?”

யுகேந்திரன் ஆற்று விளிம்பில் நின்ற சிவப்புச் சேலைக்காரியைப் பார்த்தான். கதவைச் சாத்தியவள், கடைசியாக வருகிறவள். அவன்தான் அவளைச் செதுக்கினான். அவன்தான் அங்கே நிறுத்தினான். குனிந்து அவளை மட்டும் எடுத்து இடுப்புத் துண்டில் முடிந்துகொண்டான். பிறகு சூடத்தைக் கொளுத்தினான்.